நாளைக்கென்று வைத்த நீதி

1826-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாடுகள் தம் விடுதலை அறிக்கையின் ஐம்பதாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடின. அதே நாளில், அவ்வறிக்கையை எழுதிய தாமஸ் ஜெபர்சன் வர்ஜீனியாவில் தம் 83-ஆவது வயதிலும், அதற்காகப் பேரவையில் வாதாடிய ஜான் ஆடம்ஸ் மாசசூசெட்ஸில் தம் 90-ஆவது வயதிலும் உயிர் நீத்தனர். இருவரும் அந்நாட்டின் குடியரசுத் தலைவர்களாக இருந்தவர்கள். ஒருவரையொருவர் எதிர்த்துத் தேர்தல் களத்தில் நின்றவர்கள். முதுமையில் மடல்கள் வழியே மீண்டும் நண்பர்களானவர்கள். ஒரே நாளில் நேர்ந்த இவ்விரு மறைவுகளையும் இறைவன் தந்த அடையாளமாகவே மக்கள் பலர் கண்டனர்.

ஆறு திங்கள் கழிந்தன. 1827 ஜனவரியில் மான்டிசெல்லோ என்னும் ஜெபர்சனின் மலையுச்சி மாளிகையில் ஏலம் நடந்தது. வீட்டுப் பொருள்களும் கால்நடைகளும் விலைபோன அதே ஏலத்தில் 130 மனிதர்களுக்கும் விலை கூறப்பட்டது. ஜோசப் பாசெட் என்னும் கொல்லரை ஜெபர்சன் தம் உயிலில் விடுவித்திருந்தார். ஆனால் அக்கொல்லரின் மனைவியும் பிள்ளைகளும் வெவ்வேறு கைகளுக்கு விற்கப்பட்டனர். அவர்களுள் பீட்டர் என்னும் 11 வயதுச் சிறுவனும் ஒருவன். மனிதர் அனைவரும் சமமாகவே படைக்கப்பட்டுள்ளனர் என்று உலகறிய எழுதிய கையின் வீட்டு முற்றத்தில் இது நடந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒரு வினா எழுகின்றது. நன்மையை நன்மையென்று தெளிவாகக் கண்டபின்னும், அதைச் செய்யும் வேளையை நாளைக்கென்று தள்ளி வைத்தவரை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? அறியாமையால் தவறுபவரைப் பற்றியோ தீமையை விரும்பிச் செய்பவரைப் பற்றியோ இவ்வினா எழவில்லை. இது அறிந்தவரைப் பற்றியது. அறிந்தும் காலம் கடத்தியவரைப் பற்றியது. ஆகவே இது நமக்கு மிக நெருக்கமான வினா.

திருத்தூதர் பணிகள் நூலில் பெலிக்ஸ் என்னும் உரோமை ஆளுநனைச் சந்திக்கின்றோம். கைதியாக நின்ற பவுலடியார் நீதியைப் பற்றியும் வரவிருக்கும் தீர்ப்பைப் பற்றியும் எடுத்துரைத்தபோது அவன் நகைக்கவில்லை, சினக்கவில்லை, அஞ்சினான். உண்மை அவன் உள்ளத்தைத் தொட்டுவிட்டது. எனினும் அவன் பவுலடியாரை அப்போதைக்கு அனுப்பிவிட்டு, வாய்ப்பான வேறொரு வேளைக்கு அந்தப் பேச்சை ஒத்திவைத்தான். ஈராண்டுகள் கழிந்தன. வேறோர் ஆளுநன் வந்தான். பவுலடியாரோ சிறையிலேயே இருந்தார். பெலிக்ஸ் சொன்ன 'பிறகு' என்னும் சொல்லுக்கு விலை கொடுத்தவன் பெலிக்ஸ் அல்லன். ஒத்திவைக்கும் மனச்சான்றின் இயல்பு முழுவதும் இச்சிறு நிகழ்ச்சியில் அடங்கியுள்ளது.

ஆறு தலைவர்கள்

1789 முதல் 1829 வரை நாற்பது ஆண்டுகளில் அறுவர் அந்நாட்டின் தலைமைப் பொறுப்பை வகித்தனர். ஜார்ஜ் வாஷிங்டன், ஜெபர்சன், ஜேம்ஸ் மாடிசன், ஜேம்ஸ் மன்றோ ஆகிய நால்வரும் வர்ஜீனியாவைச் சேர்ந்தவர்கள். நால்வரும் அடிமைகளை உடைமையாகக் கொண்டவர்கள். நால்வரும் எட்டெட்டு ஆண்டுகள் ஆண்டவர்கள். ஜான் ஆடம்ஸும் அவர் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸும் மாசசூசெட்ஸைச் சேர்ந்தவர்கள். இருவரும் அடிமைகளை வைத்திராதவர்கள். இருவரும் நான்கே ஆண்டுகளில் பதவியிழந்தவர்கள்.

இதனை வெறும் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. வாக்குரிமை அற்ற அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கினரை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்க வேண்டுமென்று அரசியலமைப்பு விதித்தது. அதனால் தென் மாநிலங்களுக்குப் பேரவையில் கூடுதல் இடங்களும், தலைவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் கூடுதல் வாக்குகளும் கிடைத்தன. 1800-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜெபர்சன் 73 வாக்குகளும் ஆடம்ஸ் 65 வாக்குகளும் பெற்றனர். இக்கூடுதல் வாக்குகள் இல்லையேல் முடிவு மாறியிருக்கும் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பு. வாய்பேச உரிமையற்றவர்களின் தலைகளை எண்ணியே அவர்களை ஆள்பவருக்கு வலிமை சேர்க்கப்பட்டது!

இவ்வறுவரில் ஒருவர்கூட அடிமை முறையை நன்மையென்று போற்றவில்லை என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். அது தீமை என்பதில் அவர்கள் ஒன்றுபட்டிருந்தனர். அத்தீமையை யார், எப்போது நீக்குவது என்பதில்தான் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளையைத் தேடிக்கொண்டனர்.

இறப்பிற்குப் பின் வந்த விடுதலை

வாஷிங்டனின் தனிப்பெருமை அதிகாரத்தைத் துறந்ததில் உள்ளது. விடுதலைப் போர் முடிந்ததும், 1783-இல், படைத்தலைமையைப் பேரவையிடமே திருப்பி ஒப்படைத்தார். இரு முறை குடியரசுத் தலைவராக இருந்தபின், 1797-இல் தாமாகவே விலகி வீடு திரும்பினார். வெற்றி வாகை சூடிய தளபதிகள் மணிமுடியையும் சூடிக்கொள்வது வழக்கமாயிருந்த உலகில் இது எளிய செயலன்று. அவருக்குப் பின்வந்தோர் நெடுங்காலம் இம்மரபைப் போற்றினர்.

ஆனால், நாட்டின்மேல் இருந்த அதிகாரத்தை இருமுறை துறக்க முடிந்தவரால், மனிதர்மேல் இருந்த உடைமையை வாழ்நாளில் துறக்க முடியவில்லை. அவர் பதவியிலிருந்த காலத்தில் தலைநகராய் இருந்த பிலடெல்பியா, பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ளது. அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்க அம்மாநிலம் 1780-இல் இயற்றிய சட்டத்தின்படி, வெளியிலிருந்து வந்தவரின் அடிமைகள் ஆறு திங்கள் அங்குத் தொடர்ந்து தங்கினால் விடுதலை கோரலாம். அதைத் தவிர்க்க, ஆறு திங்கள் நிறைவுறும் முன்பே வாஷிங்டன் தம் அடிமைகளை எல்லைக்கு வெளியே அனுப்பி மீண்டும் அழைத்துக்கொண்டார். தப்பியோடும் அடிமைகளைப் பிடித்து மீட்க வழிசெய்த 1793-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையொப்பமிட்டவரும் அவரே.

1796-ஆம் ஆண்டு மே திங்களில், ஓனா ஜட்ஜ் என்னும் இளம்பெண் அவருடைய இல்லத்திலிருந்து தப்பி நியூ ஹாம்ப்ஷயர் சென்றார். தலைவியின் பேத்திக்குத் தம்மைத் திருமணப் பரிசாக அளிக்கப் போகிறார்கள் என்று அறிந்தே அவர் வெளியேறினார். அவரைத் திரும்பக் கொணர வாஷிங்டன் அரசு அலுவலர் ஒருவரை நாடினார். தம் தலைவனும் தலைவியும் இறந்தபின் தமக்கு விடுதலை உண்டென்று உறுதியளித்தால் திரும்பி வருவதாக அப்பெண் கூறியனுப்பினார். வாஷிங்டன் அதற்கு இணங்கவில்லை. ஓனா திரும்பவும் இல்லை. அவர் ஏழ்மையில் உழைத்து வாழ்ந்தார். கணவரையும் பிள்ளைகளையும் இழந்தார். முதுமையில் செய்தியாளர் ஒருவர் வினவியபோது, தப்பி வந்ததற்காகத் தாம் வருந்தவில்லை என்றும், விடுதலை பெற்றதோடு அதன் வழியே இறைவனின் பிள்ளையாகவும் ஆனதாக நம்புவதாகவும் விடையளித்தார். 1848 பிப்ரவரியில் இறக்கும்வரை சட்டத்தின் கண்களில் அவர் தப்பியோடிய உடைமையே.

எனினும் வாஷிங்டனின் வரலாறு அங்கே முடிந்துவிடவில்லை. 1799 ஜூலையில் அவர் தம் கைப்படவே ஓர் உயில் எழுதினார். அவருடைய மவுண்ட் வெர்னான் பண்ணையில் அப்போது வாழ்ந்த 317 அடிமைகளுள் 123 பேர் அவருக்கே உரியவர். தம் மனைவியின் காலத்திற்குப் பின் அவர்கள் அனைவரும் விடுதலை பெற வேண்டும். முதியோருக்கு உணவும் உடையும் அளிக்க வேண்டும். ஆதரவற்ற சிறுவர்களுக்கு எழுத்தும் தொழிலும் கற்பிக்க வேண்டும் என்று பணித்தார். அவருடைய பொறுப்பாளர்கள் 1833 வரை முதியோருக்கு உதவித்தொகை அளித்து வந்தனர். அடிமைகளை வைத்திருந்த அந்நால்வரில் இவ்வளவு செய்தவர் அவர் ஒருவரே.

ஆயினும் இதிலுள்ள குறையையும் நாம் காணவேண்டும். ஒருவருடைய இறப்பைப் பிறருடைய விடுதலைக்கு நிபந்தனையாக்கினால் என்ன நேரும்? தம் மரணத்தை எதிர்நோக்கியிருப்போர் நடுவே மார்த்தா வாஷிங்டன் அச்சத்தோடு வாழ்ந்ததாக, அவரைக் கண்டு திரும்பிய ஆடம்ஸின் மனைவி அபிகேல் எழுதியுள்ளார். மார்த்தா காத்திராமல் 1801 ஜனவரி முதல் நாளிலேயே அவர்களை விடுவித்துவிட்டார். ஆனால் மார்த்தாவின் முதற்கணவர் குடும்பச் சொத்தாக வந்த மற்ற அடிமைகளை விடுவிக்கச் சட்டம் இடந்தரவில்லை. அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கப்பட்டனர். விடுதலை பெற்ற கணவர் ஒருபுறமும் அடிமையாகவே இருந்த மனைவி மறுபுறமுமாகக் குடும்பங்கள் பிரிந்தன.

நடுங்கிய எழுத்தாளர்

ஜெபர்சன் இவ்வறுவருள் பேரறிஞர். அடிமை முறையை அவரைப்போல் கூர்மையாகக் கண்டித்தவர் அந்நாளில் சிலரே. விடுதலை அறிக்கையின் முதல் வரைவில் அடிமை வாணிகத்தைச் சாடினார்; பேரவை அப்பகுதியை நீக்கியது. மேற்குப் புதுநிலங்களில் 1800-க்குப் பின் அடிமை முறை கூடாதென்று அவர் 1784-இல் முன்மொழிந்த விதி ஒரே ஒரு வாக்கால் தோற்றது. தாம் வர்ஜீனியாவைப் பற்றி எழுதிய நூலில், இறைவனின் நீதியை நினைக்கும்போது தம் நாட்டை எண்ணித் தமக்கு நடுக்கம் உண்டாவதாகக் குறிப்பிட்டார். பெலிக்ஸைப் போலவே அவரும் நடுங்கினார்.

குடியரசுத் தலைவராக, வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதைத் தடுக்கும் சட்டத்தில் 1807-இல் கையொப்பமிட்டார். அது பாராட்டுக்குரிய செயல். ஆனால் அவரே 1803-இல் பிரான்சிடமிருந்து 150 இலட்சம் டாலருக்கு வாங்கிய லூசியானா பெருநிலம் நாட்டின் பரப்பை ஏறத்தாழ இருமடங்காக்கியது. அந்நிலத்தின் பெரும்பகுதியில் அடிமை முறைக்கு வேலியிடப்படவில்லை. பருத்தியும் கரும்பும் பரவின. அவற்றோடு ஏலச்சந்தைகளும் பரவின. ஆடம்ஸின் ஆட்சி, அடிமைகள் கிளர்ந்தெழுந்த ஹெய்டித் தீவின் தலைவரான தூசேனுடன் வாணிகம் செய்தது. ஜெபர்சனின் ஆட்சியோ விடுதலை பெற்ற அந்நாட்டுடன் வாணிகத்தையே 1806-இல் தடை செய்தது.

1814-ஆம் ஆண்டில் அவருக்கு ஒரு மடல் வந்தது. எழுதியவர் எட்வர்டு கோல்ஸ் என்னும் 27 வயது இளைஞர். வர்ஜீனியாவின் செல்வக் குடும்பத்தினர். அப்போது குடியரசுத் தலைவராயிருந்த மாடிசனின் அந்தரங்கச் செயலர். தாம் அடிமைகளை விடுவிக்க எண்ணியுள்ளதாகவும், விடுதலை அறிக்கை தந்த பெரியவரே இப்பணிக்குத் தலைமை ஏற்கவேண்டும் என்றும் அவர் வேண்டினார். கோல்ஸின் உள்ளத்தைப் போற்றி ஜெபர்சன் விடையெழுதினார். ஆனால் தமக்கு வயதாகிவிட்டது, இது இளைஞர்களின் பணி என்றார். அதோடு நில்லாமல், அடிமைகளைக் கைவிட்டு வர்ஜீனியாவை நீங்க வேண்டாமென்றும் அறிவுறுத்தினார். கோல்ஸ் பணிவோடு மறுமொழி எழுதினார். பெஞ்சமின் பிராங்கிளின் பொதுப்பணியில் உழைத்தது முதுமையில்தானே என்று நினைவூட்டினார். உண்மைதான், பிராங்கிளின் தலைவராயிருந்த சங்கம் அடிமை முறைக்கு எதிராகப் பேரவைக்கு விண்ணப்பம் அனுப்பியது 1790 பிப்ரவரியில். ஏப்ரலில், 84-ஆவது வயதில், அவர் இறந்தார்.

1819-இல் கோல்ஸ் தம் அடிமைகளோடு ஒகாயோ ஆற்றில் படகில் சென்றுகொண்டிருந்தபோது, அந்நொடி முதல் அவர்கள் விடுதலை பெற்றவர்கள் என்று அறிவித்தார். இல்லினாய்ஸில் குடும்பத் தலைவர் ஒவ்வொருவருக்கும் 160 ஏக்கர் நிலம் அளித்தார். பின்னர் அம்மாநிலத்தின் ஆளுநரானார். அங்கு அடிமை முறையைச் சட்டமாக்க நடந்த முயற்சி 1824-ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் தோற்கடிக்கப்பட்டதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

நேற்றைய மனிதரை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்று கேட்போர் உண்டு. நேர்மையான கேள்விதான். ஆனால் இங்கு இன்றைய அளவுகோல் தேவைப்படவே இல்லை. ஜெபர்சனை அளக்க அவருடைய சொற்கள் போதும். அவருடைய அண்டை வீட்டார் போதும். தனிமனிதர் தம் அடிமைகளை விடுவிக்க வர்ஜீனியா 1782-இலேயே சட்டத்தில் இடமளித்திருந்தது. அதே மாநிலத்தின் பெருநிலக்கிழாரான இராபர்ட் கார்ட்டர் 1791-இல் எழுதிய பத்திரத்தால் 450-க்கும் மேற்பட்டோருக்கு விடுதலை வழங்கினார். அதே ஆண்டில், கறுப்பின வானியல் அறிஞர் பெஞ்சமின் பானக்கர், அறிக்கையின் சொற்களையே எடுத்துக்காட்டி ஜெபர்சனுக்கு மடல் எழுதினார். ஆக, யாரும் சொல்லவில்லை என்றோ யாரும் செய்யவில்லை என்றோ கூற இடமில்லை.

ஜெபர்சனின் பக்கம் நின்று ஒன்றைக் கூறலாம். அவருக்குக் கடன் இருந்தது. இறக்கும்போது அது ஓர் இலட்சம் டாலரைக் கடந்திருந்தது. கடன்பட்டவர் தம் அடிமைகளை எளிதில் விடுவிக்க முடியாது. விடுவிக்கப்பட்டவர் ஓராண்டிற்குள் மாநிலத்தை விட்டு நீங்கவேண்டும் என்று 1806-ஆம் ஆண்டுச் சட்டமும் விதித்தது. இவை மெய்யான தடைகளே. ஆனால் அக்கடனில் ஒரு பகுதி, மாளிகையை இடித்து இடித்துக் கட்டியதாலும் நூல்களாலும் திராட்சை மதுவாலும் சேர்ந்தது. வாஷிங்டனின் உயில் நிறைவேறியதற்கு ஒரு காரணம் அவர் கணக்கில் கண்டிப்பாயிருந்ததே. வரவுக்கு மீறி வாழ்வதை நாம் பொதுவாகச் சிறு குறையாகவே எண்ணுகின்றோம். ஆனால் நாளை செய்ய நினைக்கும் நன்மைக்கு வேண்டிய கைகளை இன்றைய ஆடம்பரம் கட்டிப்போடுகின்றது. 600-க்கும் மேற்பட்டோரைத் தம் வாழ்நாளில் உடைமையாகக் கொண்டிருந்த ஜெபர்சன் உயிலில் விடுவித்தது ஐவரை மட்டுமே. அவ்வைவருள் இருவர், அடிமைப் பெண் சாலி ஹெமிங்ஸிடம் அவருக்கே பிறந்த மக்கள் என்று இன்று வரலாற்றாசிரியருள் பெரும்பாலோர் ஏற்கின்றனர்.

சொல்லாமையும் அனுப்பிவைத்தலும்

மாடிசன் அரசியலமைப்பின் தந்தை எனப் போற்றப்படுபவர். மனிதரை உடைமையாகக் கருதும் எண்ணம் அரசியலமைப்பில் இடம்பெறக் கூடாதென்று 1787-இல் அவர் வாதிட்டார். அவ்வாறே அப்பெரும் ஆவணத்தில் 'அடிமை' என்னும் சொல்லே எழுதப்படவில்லை. அடிமை முறையைக் காக்கும் விதிகள் மட்டும் எழுதப்பட்டன. பெயர் சொல்லக் கூசும் செயலைச் செய்வதற்கு மட்டும் கூசாத நிலை இது. 1836-இல் அவர் இறந்தபோது, விடுதலை வழங்குவார் என்று கோல்ஸ் நம்பியிருந்த உயில் யாரையும் விடுவிக்கவில்லை. இசைவின்றி எவரையும் விற்கக்கூடாது என்று மட்டும் அது கூறியது. வறுமையுற்ற அவர் மனைவி டாலி அவர்களை விற்றார். அவ்வீட்டில் அடிமையாயிருந்து பின்னர் விடுதலை பெற்ற பால் ஜென்னிங்ஸ், வறுமையில் வாடிய அம்மூதாட்டிக்குத் தம் கையிலிருந்தே சிறு தொகைகள் கொடுத்து உதவினார். ஆளுவோர் ஒத்திவைத்த அறத்தை ஆளப்பட்டவர் அன்றே செய்து காட்டினார்.

மன்றோவின் நாளை கடலுக்கு அப்பால் இருந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடலாம் என்னும் திட்டத்தை அவர் ஆதரித்தார். லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியா அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. அநீதி இழைக்கப்பட்டவர் கண்முன் இல்லாதபடி செய்துவிட்டால் அநீதியும் இல்லாமற்போகும் என்பது அத்திட்டத்தின் உட்கிடை. 1820-இல் அவர் கையொப்பமிட்ட மிசூரி உடன்படிக்கை, நிலப்படத்தில் ஒரு கோடு கிழித்து, அதற்குத் தெற்கே அடிமை முறைக்கு இடமளித்தது. சண்டை ஓய்ந்தது, அநீதி ஓயவில்லை.

கறைபடாத கைகளும் அமைதியும்

அப்படியானால் அடிமைகளை வைத்திராத ஜான் ஆடம்ஸ் குற்றமற்றவரா? தம் உழைப்பாளருக்குக் கூலி கொடுத்தே வாழ்ந்தார் என்பது அவருக்குப் பெருமை. ஆனால் 1798-இல் அவர் கையொப்பமிட்ட சட்டங்கள், ஆட்சியைக் குறைகூறிய இதழாளர்களைச் சிறைக்கு அனுப்பின. குடியேறியோர் குடியுரிமைக்குக் காத்திருக்கவேண்டிய காலத்தை 5 ஆண்டுகளிலிருந்து 14 ஆண்டுகளாக்கின. அடிமை முறையைப் பொறுத்தவரை, அரை நூற்றாண்டாக நாட்டின்மேல் கருமுகில் போல் அது தொங்குவதைத் தாம் கண்டதாகவும், அதைத் தென்னாட்டவரிடமே விட்டுவிட்டதாகவும் 1821-இல் ஜெபர்சனுக்கு எழுதினார். தம் கைகள் தூயவை என்னும் நிறைவு, பிறர் கைகள் செய்வதைக் காணாமலிருக்க மனிதனுக்குத் துணைபோவதுண்டு. ஆடம்ஸின் குறை அதுவே.

அவர் மகனோ வேறு வழி சென்றார். ஜான் குவின்சி ஆடம்ஸ் தலைவராயிருந்த 1825 முதல் 1829 வரை இவ்விவகாரத்தில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பதவி போனபின், 1831-இல், சாதாரண உறுப்பினராகப் பேரவைக்குத் திரும்பினார். அடிமை முறைக்கு எதிரான மக்களின் விண்ணப்பங்களை விவாதிக்காமலே ஒதுக்கிவைக்கும் விதியைப் பேரவை 1836-இல் கொண்டுவந்தபோது எட்டாண்டுகள் போராடி 1844-இல் அதை நீக்கச் செய்தார். அமிஸ்டாட் கப்பலில் கடத்தப்பட்ட ஆப்பிரிக்கருக்காக 1841-இல், தம் 73-ஆவது வயதில், உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். சுவரில் தொங்கிய விடுதலை அறிக்கையைச் சுட்டிக்காட்டி அவர் நீதி கேட்டார், வென்றார். 1848 பிப்ரவரியில் பேரவையில் தம் இருக்கையிலேயே மயங்கி விழுந்து, இரு நாள்களில் இறந்தார். ஓனா ஜட்ஜ் இறந்ததும் அதே திங்களில்தான். முதுமை ஜெபர்சனுக்குச் சாக்காயிற்று. குவின்சி ஆடம்ஸுக்கோ அதுவே வேளையாயிற்று. அவரும் காலம் தாழ்த்தியவர்தான். ஆனால் தாழ்ந்த காலத்தையும் பயன்படுத்தினார்.

நம் வீட்டுக் கணக்கு

இவர்களை உயரத்திலிருந்து தீர்ப்பிட நமக்குத் தகுதியில்லை. விடுதலை அறிக்கையில் ஒப்பமிட்ட ஒரே கத்தோலிக்கரான சார்லஸ் கேரல் பெருந்தொகையான அடிமைகளை வைத்திருந்தார். அம்முறை தீமையென்று ஒப்புக்கொண்டும் அதிலிருந்து மீளாமலே 1832-இல் இறந்தார். மேரிலாந்து இயேசு சபையினர் 1838-இல் 272 அடிமைகளை 1,15,000 டாலருக்கு லூசியானாவுக்கு விற்றனர். அத்தொகையின் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைத்தது. குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது, கடனடைக்கப் பணத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று உரோமையிலிருந்த சபைத் தலைவர் விதித்த நிபந்தனைகள் காற்றில் விடப்பட்டன. மறு ஆண்டில், 1839-இல், திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் அடிமை வாணிகத்தைக் கண்டித்து மடல் வெளியிட்டார். விற்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள் முன் இயேசு சபையினர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 2017-இல். இடையில் 179 ஆண்டுகள் கடந்திருந்தன.

காலந்தாழ்த்தியதன் விலையை எண்ணிக்கையாலும் காணலாம். 1790-இல் அந்நாட்டு அடிமைகள் ஏறத்தாழ 7 இலட்சம் பேர். 1830-இல் 20 இலட்சம். 1860-இல் ஏறத்தாழ 40 இலட்சம். தானாகவே தேய்ந்து மறையும் என்று முன்னோர் நம்பிய தீமை ஒவ்வோர் ஆண்டும் வளர்ந்தது. இறுதியில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த உள்நாட்டுப் போருக்குப் பின்னரே, 1865-இல், சட்டம் அதை ஒழித்தது. நன்மை வட்டியின்றிக் காத்திருக்கும் என்று நினைப்பது தவறு. ஒத்திவைத்த ஒவ்வொரு நீதியும் வட்டியோடு வளர்கின்றது. அவ்வட்டியைச் செலுத்துவோர் பெரும்பாலும் கடன் வாங்கியவர்கள் அல்லர்.

அப்படியானால் ஜெபர்சனின் சொற்களையும் நாம் ஒதுக்கிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. மோசேயின் இருக்கையில் அமர்ந்தோரின் போதனையை ஏற்று அவர்தம் செயலைப் பின்பற்றாதிருக்க நம் ஆண்டவர் கற்பித்தார். உண்மையான சொல், அதைச் சொன்னவனைவிட நெடுங்காலம் வாழ்கின்றது. சொன்னவனுக்கு எதிராகவும் சான்று பகர்கின்றது. 1852-இல், முன்னாள் அடிமையான பிரெடரிக் டக்ளஸ் விடுதலை விழாவின் பொய்ம்மையை அச்சொற்களைக் கொண்டே உரித்துக் காட்டினார். 1863-இல் ஆபிரகாம் லிங்கன் போர்க்களக் கல்லறையில் அவற்றையே நினைவூட்டினார். 1963-இல் மார்ட்டின் லூதர் கிங், தம் மக்களுக்கு இன்னும் பணமாக்கப்படாத உறுதிமொழிச் சீட்டு என்று அவற்றை நாட்டின்முன் நீட்டினார். எழுதியவர் வாழாத வாக்கை, ஏலம் போனவர்களின் பிள்ளைகள் வாழவைத்தனர். பீட்டர் பாசெட்டும் பின்னாளில் விடுதலை பெற்றுச் சின்சினாட்டியில் மறைப்பணியாளரானார்.

இந்த அறுவரின் வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுவே. நாளை செய்வேன் என்று நாம் கூறும்போது இரு கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும். அந்த நாளைக்கு ஒரு தேதி உண்டா? அதுவரை காத்திருப்பவர் யார்? தேதியே இல்லாத நாளை வெறும் மறுப்பு. மரியாதையான சொற்களில் கூறப்பட்ட மறுப்பு. காத்திருப்பவர் நாமாயின் அது பொறுமை எனலாம். காத்திருப்பவர் வேறொருவராயின், நம் ஏவலர், நம் கூலியாள், உரிய பங்கு கிடைக்காத நம் உடன்பிறப்பு, நாம் மன்னிப்புக் கேட்கவேண்டிய எளியவர் என இருப்பாராயின், அதற்குப் பொறுமை என்று பெயரிட நமக்கு உரிமையில்லை.

முதுமையில் பார்த்துக்கொள்ளலாம் என்றிராமல் அறத்தை அன்றைக்கே செய்ய வள்ளுவப் பெருந்தகை நமக்கு அறிவுறுத்தினார். தூய வாழ்வை வேண்டியவாறே அது உடனே வரவேண்டாம் என்றும் இளமையில் மன்றாடியதைப் புனித அகுஸ்தினார் வெட்கத்தோடு நினைவுகூர்ந்தார். உயர்ந்த எண்ணங்கள் நம்மிடம் குறைவில்லை. நம் உயர்ந்த எண்ணங்களுக்குத் தேதி குறிப்போம். அத்தேதியை நம் இறப்பிற்குப் பின் வைக்காதிருப்போம்.